இடியன் கேட்ட மருமகனுக்கு

மருமகன், உன்ட வொய்ஸ் மெசேஜ் கெடச்சிச்சி. கிறீன்காட் லொத்தர் விழுந்து பென்சில்வேனியாவுக்குப் போன ஆள், வேலைக்குப் போனமா, உம்மாக்குக் காசு அனுப்பினமா எண்டு இல்லாம, மான் வேட்டைக்கு வாயால மருந்து இடிக்கிற துவக்கு ஒண்டு வாங்கப் போறியாம். கல்லுல தீப்பொறி தட்டுற பழைய மாதிரியா, இல்லாட்டி இன்லைன் எண்டு சொல்லுற புது மாதிரியா எண்டு என்னட்ட ஆலோசன கேக்கிறாய். கேட்டதோட விட்டிரிந்தா நல்லம். "நம்மட பரம்பரையில இடியன் துவக்கு இரிந்ததுதானே மாமா, பாரம்பரியத்த விடக்கூடாது" எண்டு ஒரு போடும் போட்டிரிக்காய். அதக் கேட்டு உன்ட மாமி சிரிச்ச சிரிப்பில அடுப்பில இரிந்த பால் பொங்கி வழிஞ்சிட்டு. பாலுக்கு நீதான் பொறுப்பு.

நீ என்ட மகளக் கட்டியிரிந்தா "நீங்க, வாங்க" எண்டு மரியாதையாத்தான் பேசியிரிப்பன். பெட்டிய எடுத்திட்டு அமெரிக்கா பறந்திட்டாய். அதனால "நீ"தான். கோவிச்சிக்காத.

முதல்ல அந்தப் பாரம்பரியத்தப் பாப்பம். நம்மட சவளக்கடை வட்டையில இடியன் எண்டது ஒருத்தரும் தன்ட சாமான் எண்டு ஒத்துக்கொள்ளாத சாமான். எந்தக் கம்மாலையில பிறந்தது எண்டு கேட்டா வாய் திறக்க மாட்டாங்க. வைக்கலுக்குள்ள படுத்திரிக்கும், வாடிக் கூரைக்குள்ள படுத்திரிக்கும். பொலிஸ் ஜீப்பு கிட்டங்கித் தாம்போதி தாண்டிட்டாம் எண்டு கதை வந்தா, அது தானே எழும்பி நடந்து போய் வேற வளவில படுத்திரும். அதுக்குச் சொந்தக்காரன் எண்டு ஒருத்தரும் இல்ல, இரவல் வாங்கினவன் மட்டும் இரிப்பான். இதுதான் நீ விடக்கூடாதெண்டு நிக்கிற பரம்பரச் சொத்து.

அத வெடிக்கப் பண்ணுறது ஒரு தனிக் கூத்து. பரணில ரெண்டு பேர் குந்தியிரிப்பாங்க. குடலைப் பருவம் தாண்டி நெல்லு பால் புடிக்கிற நேரம். கீழ சளக் சளக் எண்டு சத்தம் கேட்டா பண்டி வந்திட்டு எண்டு அர்த்தம். மருந்து ஏற்கனவே போட்டு, தும்பு வெச்சி, சன்னம் போட்டு, திரும்பத் தும்பு வெச்சி, கம்பியால இடிச்சி வெச்சிரிக்கும். எப்ப இடிச்சது எண்டு கேட்டா ஒருத்தன் முந்தாநாள் எண்டுவான், மத்தவன் போன கிழம எண்டுவான். குதிரைய இழுத்து விசையத் தட்டினா ஒரு "டிக்". அவ்வளவுதான். பண்டி தலையத் தூக்கி மேல பாக்கும். திரும்பவும் தட்டினா இன்னொரு "டிக்". பண்டி தின்னத் தொடங்கிரும். மூண்டாவது தரம் வெடிச்சா, வெடிக்கிற வெடியில பரணில இரிக்கிறவனுக்கு ரெண்டு காதும் அடைச்சி, கண்ணுக்கு முன்னால ஒரே புகை. புகை விலகிப் பாத்தா வயல்ல பண்டியும் இல்ல, பரணில கூட இரிந்தவனும் இல்ல.

இதுல நம்மட ஆக்கள்ற விசேஷம் என்னெண்டா, பண்டி செத்து விழுந்தாலும் நமக்கு ஒண்டும் இல்ல. வெடி வெக்கிறது நாம, கறி வெக்கிறது வேற ஆக்கள். இறைச்சிக்கு ஆசப்பட்டு நம்மட வாப்பாமார் பண்டிக்குக் காவல் இரிக்கல்ல, நெல்லுக்குத்தான் இரிந்த. விளங்குதா? நம்மட பாரம்பரியம் எண்டு ஒண்டு இரிந்தா, அது மாரி மழையில பரணில குந்தி, நுளம்புக்கு ரெத்தம் குடுத்து, விடிய மட்டும் "ஹோய்" எண்டு கத்தினதுதான். அதச் செய்யிறதுக்கு துவக்கு வேணாம். தொண்ட போதும். உனக்கு உன்ட வாப்பாட தொண்ட வாய்ச்சிரிக்கி, அல்ஹம்துலில்லாஹ்.

மானுக்கும் மரைக்கும் உக்குளானுக்கும் இடியன் தூக்கினவங்களும் இரிந்தாங்க, இல்லெண்டு சொல்லல்ல. அதெல்லாம் 1937ம் ஆண்டுத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள்ள மாட்டுற வேலை. துவக்குக்கு 1916ம் ஆண்டுச் சட்டம் இரிக்கி. லைசன் எடுத்த துவக்குக்கும் வருசா வருசம் புதுப்பிக்கக் கச்சேரிக்கு நடக்கணும். உன்ட கேள்விய இஞ்ச ஒரு பொலிஸ்காரர்ட்ட கேட்டுப் பார். பழைய மாதிரி நல்லமா, புது மாதிரி நல்லமா எண்டு அவர் யோசிக்க மாட்டார். "லைசன் எங்க?" எண்டுதான் கேப்பார். கோட்டுல நிக்கக்குள்ள இடியனும் இன்லைனும் ஒரே சாதி.

நீ இரிக்கிற ஊருல கத வேற. அங்க சட்டப்படி செய்யலாம், அதனாலதான் நானும் இவ்வளவு நேரம் மினக்கெட்டு உனக்குப் பதில் சொல்லுறன்.

உனக்கு ஒரு புதினம் தெரியுமா? நீ போய்க் குடியிரிக்கிற மாநிலம்தான் அந்த நீளக் குழல் ரைபிள் பிறந்த வீடு. லங்காஸ்டர் பக்கம் 18ம் நூற்றாண்டில ஜேர்மன் வழிக் கொல்லன்மார் வந்திரிந்து செஞ்சது. குழலுக்குள்ள புரி வெட்டி, சின்னக் குண்டு, கொஞ்ச மருந்து, நீளமான குழல். மேற்குப் பக்கக் காட்டுக்குப் போன ஆக்கள் அதத் தூக்கிட்டுப் போக, பிறகு ஊர் முழுக்க அதுக்கு கென்டக்கி ரைபிள் எண்டு பேர் விழுந்திட்டு. செஞ்சவனுக்குப் பேரில்ல, தூக்கிட்டுப் போனவன்ட ஊருக்குப் பேர். நம்மட வட்டையில வெளையிற நெல்லு மில்லுக்குப் போனதும் மில்லுக்காரன்ட பேர்ல அரிசியா வாறதத் தெரிஞ்சவனுக்கு இது ஒரு புதினமும் இல்ல.

பாரம்பரியம் பாரம்பரியம் எண்டு தவிக்கிறாயே, உன்ட நாட்டுப் பழந்துவக்கே பாக்கோணும் எண்டா ஊருக்கு வரக்குள்ள கொழும்பு நூதனசாலைக்குப் போ. 1765ல ஒல்லாந்தர் கண்டி அரமனைக்குள்ள பூந்து அள்ளிட்டுப் போன சாமானுகள்ள ஆறு, 2023 டிசம்பர்ல திரும்பி வந்திரிக்கி. பொன்னும் வெள்ளியும் கல்லும் பதிச்ச ஒரு குட்டிப் பீரங்கி, ரெண்டு வாள், ஒரு கத்தி, அதோட ரெண்டு பெரிய துவக்கு. கண்டி ராச்சியத்துக் கொல்லன்மார் துவக்குச் செய்யிறதில கெட்டிக்காரர். போத்துக்கேயர்ட்டப் பாத்துப் பழகி, போத்துக்கேயருக்கே திருப்பி வெடி வெச்ச ஆக்கள். அதெல்லாம் வாயால இடிச்ச துவக்குதான். பழசு எண்டா அதுதான் பழசு. வைக்கலுக்குள்ள படுத்திரிந்தது பழசில்ல மருமகன், களவு.

இனி வெள்ளக்காரத் துரைமார்ற பாரம்பரியம். பதுளையில மேஜர் ரொஜர்ஸ் எண்டு ஒரு துரை இரிந்தார். வாயால மருந்து இடிக்கிற துவக்கால ஆனை சுட்டே பேர் எடுத்தவர். 1,400க்கு மேல சுட்டார் எண்டு அந்தக் காலத்து ஆக்கள் எழுதி வெச்சிரிக்காங்க. 1845ல அப்புத்தளையில நிக்கக்குள்ள மழை இடி. வெளிய வந்து வானத்தப் பாத்தார், மின்னல் விழுந்து அந்த இடத்திலயே மவுத்து. 1,400 தரம் குறி பாத்த மனிசன். மேல இரிக்கிறவனுக்கு ஒரே ஒரு வெடிதான் தேவப்பட்டிச்சி. அந்தக் காலத்தில ஆனைய சுட்டா அரசாங்கமே சன்மானம் குடுத்திச்சி. 1848க்கு முந்தின மூண்டு வருசத்துக்குள்ள வட மாகாணத்தில மட்டும் 3,500 மட்டில ஆனையச் சுட்டுக் காசு வாங்கியிரிக்காங்க. இண்டைக்கு நம்மட வயலுக்குள்ள ஒரு ஆனை வந்தா யானை வெடிலுக்கு வனசீவராசிக் கந்தோருக்குப் போன் போட்டுட்டுக் குந்தியிரிக்கம். வந்தா சந்தோஷம்.

அந்தக் காலத்தில இன்னொரு துரை, சாமுவேல் பேக்கர். நுவரெலியாவில குடியேறி வெள்ளாமை செஞ்சவர், பிறகு ஆபிரிக்காவுக்குப் போய் ஆல்பர்ட் எண்டொரு ஏரியக் கண்டுபிடிச்சவர். நீ இப்ப யோசிக்கிற மாதிரி எந்தத் துவக்கு நல்லம் எண்டு வாழ்நாள் முழுக்க யோசிச்ச ஆள் அவர்தான். 1840ல பிரிஸ்டல் ஊர்க் கிப்ஸ் பட்டறையில சொல்லிச் செய்விச்ச ஒத்தக் குழல் ரைபிள் ஒண்டு வெச்சிரிந்தார். நிறை 21 இறாத்தல். ஒரு வெடிக்கு மருந்து 16 டிராம், அதாவது முழுசா ஒரு அவுன்ஸ். நம்மட இடியன்காரன் ஒரு மாதத்துக்குப் பொத்திப் பொத்தி வெச்சிரிக்கிற மருந்து. அத இடிச்சி, தடிச்ச தோல் உள்ள மிருகத்துக்கு முன்னால நிண்டு சுட்டார். குறி தப்பினா திரும்ப இடிக்க ஆனை பொறுத்து நிக்குமா? அதனால பின்னால ஆள் வெச்சி, இடிச்ச துவக்க ஒண்டொண்டா வாங்கி வாங்கிச் சுட்டார். உனக்குப் பின்னால துவக்கு நீட்ட ஆரு இரிக்கா? உன்ட பொண்டாட்டியா? கேட்டுப் பாரன், என்ன நீட்டுறாவெண்டு.

சரி, கேலிய விடுறன். கேட்டதுக்குப் பதில்.

கல்லுத் துவக்கு எண்டது இப்பிடி. குதிரையின்ட வாயில ஒரு சக்கிமுக்கிக் கல்ல ஒரு துண்டுத் தோலில சுத்திக் கடிக்க வெச்சிரிக்கும். விசையத் தட்டினா கல்லு போய் ஒரு உருக்குத் தகட்டில உரசும். பொறி கீழ இரிக்கிற சின்னக் கிண்ணத்துக்குள்ள விழும். கிண்ணத்தில தூளா இரிக்கிற மருந்து பத்தும். அந்த நெருப்பு குழலின்ட பக்கத்து ஓட்டையால உள்ள போய்ப் பெரிய மருந்தப் பத்த வெக்கும். விசைக்கும் வெடிக்கும் நடுவுல ஒரு இழுவை இரிக்கி. கண்ணுக்கு முன்னால நெருப்பு குப்பெண்டு எழும்பக்குள்ள கண்ண மூடாம, கைய நடுங்க விடாம, குறியிலயே நிக்கோணும். முகூர்த்தத்துக்கு முந்தியே தலையத் திருப்புற மாப்பிள மாதிரி நிண்டா, குண்டு மரத்துக்குப் போகும், மான் வீட்டுக்குப் போகும். மழை பெஞ்சா, பனி பெஞ்சா கிண்ணத்து மருந்து கூழாயிரும்.

ஸ்கொட்லாந்தில ஒரு பாதிரியாரும் இதாலதான் எரிச்சல்பட்டார். பேர் அலெக்சாண்டர் போர்சித். பறவை வேட்டையில பைத்தியம். கிண்ணத்தில நெருப்பு எழும்பினதும் தாராவெல்லாம் எழும்பிப் பறந்திரிது எண்டு கவலப்பட்டு, அடிச்சா வெடிக்கிற மருந்து வெச்சி ஒரு பூட்டுச் செஞ்சி 1807ல பேட்டன்ட் எடுத்தார். இண்டைக்கு உலகத்தில வெடிக்கிற எல்லாத் தோட்டாவுக்கும் மூத்தாப்பா அந்தப் பூட்டுதான். ஒரு சாமியார்ற தாரா ஆசையால உலகமே நாசமாகிப் போனத நீ ஒரு நாள் ஆறுதலா யோசி.

இன்லைன் எண்டது 1985ல மிசூரியில டோனி நைட் எண்டவர் செஞ்சி விட்டதில இருந்து ஊரெல்லாம் பரவின சாமான். வாயாலதான் இடிக்கிற, ஆனா வெடிக்கிற கேப்பு பின்னால, மருந்துக்கு நேர் கோட்டில மூடி உக்காந்திரிக்கும். மழை படாது. மருந்த அளந்து கொட்டத் தேவயில்ல, குளிசை மாதிரி உருட்டி வெச்சிரிக்காங்க, எடுத்துப் போட வேண்டியதுதான். குண்டுக்குப் பிளாஸ்டிக் சட்டை. மேல ஸ்கோப். வாயால இடிக்கிறத மட்டும் விட்டுட்டா அது இப்பத்தைய ரைபிள்தான். பேருக்கு ஒரு தாடி ஒட்டி, மூத்த ஆக்கள்ற வரிசையில நிக்குது.

உன்ட ஊர்ச் சட்டம் அந்தத் தாடியப் புடிச்சி இழுத்துப் பாக்குது, எனக்கு அது நல்லாப் புடிச்சிரிக்கி. பென்சில்வேனியாவில நத்தாருக்குப் பிறகு ஒரு பருவம் விடுறாங்க, 1974ல தொடங்கினது. அதுல கல்லால தீ மூட்டுற துவக்கு மட்டும்தான் செல்லும். இன்லைனோட போனா ஏச்சு மட்டுமில்ல, குற்றமும் விழும். ஒக்டோபர்ல கொம்பில்லாத மானுக்கு ஒரு கிழம மட்டில விடுவாங்க, அதுக்கு இன்லைன் செல்லும். கொலராடோவில இன்னும் இறுக்கம், வாயால இடிக்கிற பருவத்தில ஸ்கோப்பும் ஆகாது, குண்டுக்குப் பிளாஸ்டிக் சட்டையும் ஆகாது, குளிசை மருந்தும் ஆகாது. ஆகக் கேள்வி துவக்கில்ல மருமகன், உனக்கு எப்ப லீவு எண்டதுதான். ஒக்டோபர்ல லீவு தந்தா இன்லைன். நத்தாருக்கு லீவு தந்தா கல்லுத் துவக்கு. எல்லாத்துக்கும் முந்தி வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய் சேட்டிபிக்கட் எடு. அது இல்லாம அங்க முதல் லைசன் தர மாட்டாங்க. மாமாட்டக் கேட்டன் எண்டு சொன்னா செல்லாது.

ஆனா லீவு ரெண்டிலயும் கெடைக்குது எண்டு வை. அப்ப என்ட ஆலோசன கல்லுத் துவக்குத்தான். நீ சொன்ன காரணத்துக்கில்ல.

தூரம்தான் காரணம். கல்லுத் துவக்கில துணி சுத்திப் போடுற உருண்டைக் குண்டு, நல்லாப் பழகின கைக்கு எழுபது, எண்பது யார். நூறு எண்டா கூட. உன்ட கைக்கு நாப்பது எண்டு வெச்சிக்க. இன்லைன் கடைக்காரன் இருநூறு யார் எண்டு காட்டுவான், ஸ்கோப்புக்குள்ள மான் பக்கத்து வீட்டு வேலியில நிக்கிற மாதிரித் தெரியும். அங்கதான் ஷைத்தான் குந்தியிரிக்கான். சுடத் தெரியாதவன்ட கையில தூரம் கூடக் கூட, அவன் எதச் சுடுறான் எண்டது அவனுக்கே தெரியாமப் போகுது. காலில பட்ட மான் காட்டுக்குள்ள போய் மூண்டு நாள் கெடந்து சாகும். இவன் அங்க வீட்டில குந்தி, தப்பிட்டு எண்டு கத சொல்லிட்டிரிப்பான்.

நாப்பது யாருக்குள்ள போறது எண்டா நீ காத்து எந்தப் பக்கம் எண்டு பாக்கோணும், சருகு மிதியாம நடக்கோணும், அசையாமக் குந்தோணும். அப்பிடிக் கிட்ட போனவன் ஆள் எது, மான் எது எண்டு பிழைக்க மாட்டான். இருட்டுக்குள்ள அசைஞ்சதுக்கெல்லாம் வெடி வெச்சிப் பண்டியெண்டு மனிசன விழுத்தின கதை இந்த நாட்டுல எத்தின வட்டையில இரிக்கி. அதவிடக் கேவலம் கட்டுத்துவக்கு. மிருகம் போற வழியில துவக்கக் கட்டி, கம்பி இழுத்து வெச்சிட்டு, கட்டினவன் வீட்டில கொறட்டை விடுவான். கம்பியில பண்டிட காலும் தட்டும், விடியப்பறம் தண்ணி பாக்கப் போற வட்டவிதானையிட காலும் தட்டும், ஆனைக்குட்டிட காலும் தட்டும். ஆஸ்பத்திரி வாட்டுகளில காலில்லாமக் கெடந்தவங்கள்ட்டக் கேட்டா, அது பழைய மாதிரியா புது மாதிரியா எண்டு சொல்லுவாங்க. 2019ல மட்டும் இந்த நாட்டுல செத்த ஆனை 400க்கு மேல, ஆனையால செத்த மனிசர் 100க்கு மேல. வெடியும் கரண்டும் வாய்வெடியும் எண்டு எல்லாம் கலந்த கணக்கு அது. சிரிக்க ஏலாத விசயம், இத்தோட விடுறன்.

இனி ஹலால். நீ கேக்காம விட்ட கேள்வி, உம்மா கேக்கப் போற முதல் கேள்வி. நம்மட ஷாபிஈ கிதாபுகள்ள துவக்குக் குண்டால செத்த உருப்படி ஆகாது, உயிரிரிக்கக் கண்டு அறுத்தாத்தான் எண்டு எழுதியிரிக்கி. வேற கருத்துச் சொல்லுற உலமாக்களும் இரிக்காங்க, உன்ட ஊர் மௌலவிட்ட விசாரி. இஞ்ச மானுக்குப் போன பழைய ஆக்கள் விசையத் தட்டக்குள்ளயே பிஸ்மி சொல்லிட்டு, புகை விலக முந்தியே கத்தியோட பாஞ்சி ஓடுவாங்க. சரம் மடிச்சிக் கட்டி, செருப்பக் கழட்டி எறிஞ்சிட்டு ஓடுற அந்த ஓட்டம் இரிக்கே, ஒலிம்பிக்கில சேத்திரிந்தா நமக்கு ஒரு பதக்கம். நீ இருநூறு யாரில இன்லைனால சுட்டுட்டு, பனிக்குள்ள முழங்கால் பொதைய ஓடிப் போய்ச் சேரக்குள்ள மான் ஆறிப் போயிரிக்கும். நாப்பது யார் எண்டா உன்ட தொப்பைக்கும் எட்டுற ஓட்டம். மத்ஹபும் என்ட பக்கம்தான், பாத்தியா.

குண்டு சுத்துற துணிக்குக் கொழுப்புத் தடவோணும். கடையில விக்கிற கொழுப்பு என்ன கொழுப்பு எண்டு டப்பாவ வாசிச்சிப் பாத்து வாங்கு. சிரிக்காத. 1857ல இந்தியாவில கும்பனிப் பட்டாளத்துக்கு என்பீல்ட் ரைபிள் குடுத்தாங்க, அதுவும் வாயால இடிக்கிறதுதான். தோட்டாக் கடதாசியப் பல்லால கடிச்சித்தான் கிழிக்கோணும், அதுல பண்டிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் தடவியிரிக்கி எண்டு கதை பரவி, முஸ்லிமும் இந்துவும் சேந்து எழும்பி, வெள்ளக்காரன்ட ராச்சியமே ஆடிப் போச்சி. ஒரு டப்பாக் கொழுப்பு சும்மா லேசுப்பட்ட சாமானில்ல.

ரெண்டு துவக்குக்கும் பொதுவான புத்திமதியும் கேட்டு வை. புகையில்லாத மருந்து எண்டு ரைபிள் தோட்டாவுக்குப் போடுற மருந்த இதுக்குள்ள மறந்தும் போடாத. குழல் வெடிச்சி உன்ட முகத்துக்குத்தான் வரும். குண்டு மருந்தில போய் நல்லா இரிக்கோணும், நடுவுல வெட்டையா விட்டா அதுவும் குழலக் கெடுக்கும். கம்பியில ஒரு கோடு போட்டு வை. நிறைஞ்சிரிக்கா, வெறுசா இரிக்கா எண்டு அந்தக் கோடு சொல்லும். குதிரை விழுந்து வெடிக்கல்ல எண்டா குழலுக்குள்ள எட்டிப் பாக்கிற மடத்தனம் செய்யாத. ஆளில்லாத பக்கம் நீட்டிப் புடிச்சிட்டு ஆறுதலா ஒரு நிமிசம் நில்லு. சில நேரம் அது பிந்தி வெடிக்கும்.

வெடிச்ச அண்டைக்கு ராவே கழுவோணும். கருமருந்தின்ட கரி ஈரத்த இழுக்கும், விடியக்குள்ள குழலுக்குள்ள துரு பூத்திரும். புது மருந்தும் முக்காவாசி அப்பிடித்தான், விளம்பரத்தில மட்டும்தான் வேற மாதிரி. சுடு தண்ணியும் சவுக்காரமும் விட்டுக் கம்பியில துணி சுத்தி, துணி வெள்ளையா வாற மட்டும் இழுக்கோணும், பிறகு எண்ணெ. குளிருக்குள்ள நாள் முழுக்க நிண்டுட்டு வந்து, வெறுங்கையோட, விரல் மரத்திரிக்க, ராவு பத்து மணிக்குக் குசினியில நிண்டு செய்யிற வேல இது. சாப்பிட்ட பீங்கான மேசையிலயே விட்டுட்டு எழும்புறவன் நீ எண்டு உன்ட பொண்டாட்டி போன கிழமதான் மாமிட்ட முறப்பாடு சொன்னா. அந்தப் பழக்கம் மாறல்ல எண்டா கல்லுத் துவக்கும் வேணாம், இன்லைனும் வேணாம். உன்ட ஊருல ஹலால் இறைச்சிக் கடை இரிக்கித்தானே, ஆட்டுத் தொடையில ரெண்டு இறாத்தல் வாங்கி வெச்சிச் சாப்பிடு.

வாங்குறதெண்டு முடிவெடுத்தா உம்மாக்கு நீயே சொல்லு. என்ட பேர அதுக்குள்ள இழுக்காத. அவ என்ட தங்கச்சி, அவட குறி ஒருநாளும் தப்பினதில்ல.